அம்மா ‘பொய்’ என்று சொன்ன படம்

“பொய்!”

அம்மாவின் குரல் அந்த ஹால் முழுவதும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எண்பதுகள் தொடங்கி ஒன்றிரண்டு வருஷங்கள் ஆகியிருக்கலாம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிய ஒரு பள்ளிக்கூட ஹால். வேர்வையும் மல்லிகைப்பூவும் சூடேறிய புரொஜெக்டரும் கலந்து ஒரு வாசனை.

திரையில், வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு வெளிநாட்டுப் பெண் ஆஸ்பத்திரிப் படிகளில் ஓடி இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே எலும்பும் தோலுமாக ஒருவன், பட்டாளத்துத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். செத்துவிட்டான் என்று எல்லோரும் நம்பிய அவளுடைய முதல் கணவன். வயலின்கள் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு இந்தப் பக்கம் என்னோடு வேலை பார்க்கும் சாரதா டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. ஆசிரமத்தில் தங்கியிருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் முன்வரிசையில் தேம்பித் தேம்பி அழுதார்.

“பொய்! ஓடமாட்டா. அப்படியெல்லாம் ஓடமாட்டா!”

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். தலையோடு போர்த்திய வெள்ளைத் துப்பட்டி புரொஜெக்டரின் ஒளியில் பட்டு, அவளுடைய நிழல் திரையில் பெரிதாக விழுந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் அந்த நிழல் மறைத்துவிட்டது.

“யாரும்மா அது, உக்காருங்க,” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கை சில்லிட்டுக் கிடந்தது. அந்த வெயில் நாளில், மின்விசிறி பாதிதான் சுற்றுகிற ஹாலில், அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

வாழ்நாளில் ஒருமுறைகூட வீட்டுக்கு வெளியே குரலை உயர்த்திப் பேசாதவள் அவள்.

புதுக் கண்ணாடி

எங்கள் திருவண்ணாமலையில் ஒரு திரைப்படக் கழகம் இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. நான்கு டீச்சர்கள், ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்டு, ஒரு பல் டாக்டர். அவ்வளவுதான் கழகம். மெட்ராஸிலிருந்து படப்பெட்டி பஸ்ஸில் வரும். பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் அன்றைக்குப் படம் இல்லை. ரீல் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொள்வோம்.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர். என் கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்ததால் பெற்றோருடன்தான் இருந்தேன். அத்தா தேரடித் தெருவில் தகரப் பெட்டிக் கடை வைத்திருந்தார். (எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) கல்யாணச் சீருக்கும் ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். எங்கள் குடும்பம் அந்தத் தெருவுக்கு வந்து எத்தனை தலைமுறை என்று அத்தாவுக்கே சரியாகத் தெரியாது.

அம்மாவுக்கு அந்த மாதம்தான் கண்ணில் புரை எடுத்து, சோடா பாட்டில் அடி மாதிரி கனமான கண்ணாடி போட்டிருந்தார்கள். போட்ட முதல் நாள் மாடிக்குப் போய் மலையையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாறை பாறையாத் தெரியுதுடி கமரு. இத்தினி நாளும் பச்சையாப் புகை மாதிரி இருந்துச்சு,” என்றாள்.

சினிமா என்றாலே வேண்டாம் என்பவளை, “புதுக் கண்ணாடிய சோதிச்சுப் பாக்கலாம் வாம்மா. கப்பல், கடல் எல்லாம் வருதாம்,” என்று நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான்.

கப்பல் என்றதும் அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு துப்பட்டியை எடுத்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது நான் அர்த்தம் தேடவில்லை.

படத்தின் கதை எளிமையானது. புதிதாகக் கல்யாணமான ஜோடி. சண்டை வருகிறது. துறைமுகத்தில் பிரிகிறார்கள். கடிதங்கள் வருகின்றன, குறைகின்றன, நிற்கின்றன. அவன் இறந்துவிட்டதாகச் செய்தி. அவள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே ஒரு டாக்டரை மணக்கிறாள். கடைசியில் முதல் கணவன் உயிரோடு வந்து நிற்கிறான். அந்த டாக்டரே போய் அவளிடம் சொல்கிறார்: உன்னைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். அவள் ஓடுகிறாள்.

உலகத்தையே அழவைத்த படம் என்று நோட்டீஸில் போட்டிருந்தோம்.

கடைசிக் கப்பல்

நான் அம்மாவை ஹாலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாம்மா ஆச்சு? மயக்கமா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு அப்படிக் கத்தின? அது படம்மா.”

“படம்தான். தெரியுது.” குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “கமரு, உங்க அத்தா எனக்கு ரெண்டாவது.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. என்ன இரண்டாவது என்று கேட்டேன். மக்குத்தனமான கேள்வி.

“ரெண்டாவது நிக்காஹ்.”

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயதிருக்கும். எனக்கு முப்பத்தைந்து. முப்பத்தைந்து வருஷமாக அவள் பக்கத்தில் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு வளர்ந்தவள் நான். அவள் ரங்கூனில் இருந்திருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

பதினாறு வயதில் கல்யாணம். அவர் பெயர் இப்ராஹிம். ரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் கணக்குப்பிள்ளை. ஒரு மரவீட்டின் மாடியில் குடித்தனம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பேசுவது கேட்காதாம். இரண்டு பேரும் கத்திப் பேசிச் சிரிப்பார்களாம். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மிதான் அந்த வாழ்க்கை. பிறகு யுத்தம் வந்து குண்டு விழுந்தது.

“கப்பல்ல பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும்தான் மொதல்ல எடம். நீ போ, அடுத்த கப்பல்ல வந்துடறேன்னார். அடுத்த கப்பல்னு ஒண்ணு வரவே இல்ல.”

அம்மா பிறந்த ஊர் திருவண்ணாமலைதான். இங்கே வந்து, அவளுடைய அண்ணன் ரஷீத் வீட்டில் இருந்தாள். சில மாதங்கள் கழித்து, பர்மாவிலிருந்து கால்நடையாகவே காடு மலை தாண்டி வந்த ஒருவர், இப்ராஹிம் வழியில் காலரா கண்டு இறந்துவிட்டார் என்று சொன்னார். அடக்கம் செய்தவர்களே தன்னிடம் சொன்னதாகவும் சொன்னார். மூன்று வருஷம் போயிற்று. ரஷீத் மாமு தகரப் பெட்டிக் கடை சமதுவைப் பேசி முடித்தார். சமது என்பது என் அத்தா. அடுத்த வருஷம் நான் பிறந்தேன்.

வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்துகிறவள் நான். பர்மா விழுந்தது என்று ஒரு வரி வரும். கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். அந்த ஒரு வரியில் இருந்தவள் தினமும் காலையில் எனக்கு டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சரிம்மா,” என்றேன். “அவர் இறந்துட்டார். நீ வேற கல்யாணம் பண்ணிக்கிட்ட. இதுல ஒளிக்கறதுக்கு இன்னா இருக்குது?”

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

“அவர் சாகலடி.”

மத்தியான நேரத்துக் குரல்

நான் தவழ ஆரம்பித்திருந்த நேரமாம். மத்தியானம். அத்தா கடையில். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் ஒரு ஆண் குரல்.

“ரங்கூன் ஜைனம்பு இருக்கற வீடு இதுதானுங்களா?”

குரலைக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது என்றாள். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அவள் அதன் பின்னால் நின்றாள். இடுக்கில் ஒரு தோளும், காக்கித் துணிப் பையும், ஊன்றுகோல் பிடித்த கையும் தெரிந்தன.

“சயாம் பக்கம் காட்டுல ரயில் பாதை போட ஜப்பான்காரன் புடிச்சிக்கினு போயிட்டானாம். அதெல்லாம் வாசல்லயே நின்னு அவர் சொன்னது. அன்னிக்கு எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு. இவர் உயிரோட இருக்கார்னா, நான் யாரு? உங்க அத்தாவுக்கு நான் இன்னா? நீ இன்னா?”

நான் தவழ்ந்துபோய் அவள் காலைப் பிடித்தேனாம். சத்தம் போட்டுவிடுவேனோ என்று தூக்கி வாயைப் பொத்தினாளாம்.

“இன்னா பதில் சொன்ன?”

“அந்தப் பொண்ணு மவுத்தாயிடுச்சுங்கன்னு சொன்னேன்.”

மவுத் என்றால் சாவு. தான் செத்துவிட்டதாக, தன் வாயாலேயே, தன் புருஷனிடமே என் அம்மா சொல்லியிருக்கிறாள்.

“அவர் இன்னா சொன்னார்?”

“மவுத்துச் செய்தி கேட்டா ஓதறத ஓதினார். எனக்காக. முழுசா, நிறுத்தி, நல்லா ஓதினார். கோலை ஊணிக்கினு போயிட்டார்.”

ஹாலுக்குள்ளே படம் முடிந்து கைதட்டினார்கள். சாரதா டீச்சர் சிவந்த கண்களோடு வெளியே வந்து, “உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு நடந்தோம். பெரிய கோபுரத்துக்கு எதிரே கற்பூரம் விற்பவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவ்வப்போது நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தெரியாத ஒரு பெண்ணோடு தெருவில் நடந்து போகிற மாதிரி இருந்தது.

“தொழுகையில நிக்கறப்பல்லாம் பயம்டி,” என்றாள் பாதி வழியில். “நான் இந்த வீட்டுல இருக்கறது சரியா தப்பான்னு. யாரக் கேக்க முடியும்? இந்தப் படத்தப் பாத்தப்புறம் இதுக்கு மேல என்னால முடியாது. உங்க அத்தாகிட்ட இன்னிக்குச் சொல்லிடறேன்.”

அத்தாவுக்கு அறுபத்தெட்டு. நெஞ்சுவலி என்று ஒருமுறை வேலூருக்குக் கூட்டிப்போய் வந்திருந்தோம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

சோற்றில் கை வைத்தபடி

ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தா மத்தியானம் வீட்டுக்கு வந்து நிதானமாகச் சாப்பிடுவார். கறிக்குழம்பு. பாயில் உட்கார்ந்து, முதல் உருண்டையை உருட்டும்போதே அம்மா சொல்லிவிட்டாள். சுற்றிவளைக்கவில்லை.

“இப்ராஹிம் சாகலீங்க. கமரு கைக்குழந்தையா இருந்தப்ப இங்க வந்தார். நான் செத்துட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்ககிட்ட மறைச்சிட்டேன்.”

நான் தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றேன். அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்:

“தெரியும்.”

நான் சொம்பைத் தரையில் வைத்தேன்.

“இன்னா தெரியும்?” அம்மாவின் குரல் ஏறியது.

“அவர் நேரா கடைக்கு வந்தார். இது யார் வீடுன்னு தெருவுல விசாரிச்சுக்கினு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். செத்துட்டேன்னு அவளே சொல்றா, குரல் எனக்குத் தெரியாதான்னார். கோபமே இல்ல அவருக்கு.”

அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அத்தா எழுந்து கையைக் கழுவினார். உள்ளே போய், தன்னுடைய பழைய தகரப் பெட்டியைத் திறந்து, பழுத்துப்போன ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார்.

“உன்ன விடுதலை பண்ணிட்டதா எழுதிக் குடுத்துட்டுப் போனார். சாட்சிக் கையெழுத்தும் இருக்குது. நீ பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல ஜைனம்பு.”

முப்பத்துச் சொச்சம் வருஷம் அம்மா தொழுகைப் பாயில் பயந்துகொண்டிருந்தபோது, அந்தப் பயத்துக்கான மருந்து பத்தடி தூரத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அம்மா தாளைக் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். கணக்குப்பிள்ளையின் குண்டு குண்டான கையெழுத்து. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

‘தாங்கள் அவளிடம் நேரில் கேட்டு வந்து சொன்ன பதிலின்படி, ஜைனம்பு இன்று முதல் என்னிடமிருந்து விடுபட்டவள். அவள் மேல் யாதொரு குற்றமும் இல்லை.’

அம்மாவின் விரல் முதல் வரியில் நின்றுவிட்டது.

“என்னக் கேட்டு வந்து சொன்ன பதிலா?” திரும்பினாள். “என்ன எப்போ கேட்டீங்க? நான் எப்போ பதில் சொன்னேன்?”

அத்தா வாசல் பக்கம் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“மூணு நாள் முசாபர்கானாவுல இருக்கேன்னார்.” பள்ளிவாசலை ஒட்டி வெளியூர்க்காரர்கள் தங்குகிற சத்திரம் அது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. “அவளக் கேளுங்க, அவ இஷ்டம் எப்படியோ அப்படி, வரேன்னா கூட்டிக்கினு போறேன், மாட்டேன்னா எழுதிக் குடுத்துடறேன்னார். மூணாம் நாள் நான் போனேன்.”

“போயி?”

“‘கேட்டேன், வரமாட்டேன்னுட்டா’ன்னு அவர்கிட்ட சொன்னேன்.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். குழம்பின் மேல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

என் அத்தா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பெட்டியின் தகரம் கொஞ்சம் மெல்லிசு என்றால் வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் விற்பார். பள்ளிவாசல் சாவி அவரிடம்தான் இருக்கும். அந்த மனிதர் ஈரக்கையோடு எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

பதினோரு நாள்

அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. பாயையும் தலையணையையும் என் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நேரத்துக்குச் சமைத்தாள். அத்தாவுக்குத் தட்டு வைத்தாள். பேசவில்லை. பதினோரு நாள். அத்தா சாப்பிட்டுவிட்டு, “கறியில உப்பு கொஞ்சம் கம்மி,” என்று காற்றிடம் சொல்வார். மறுநாள் உப்பு சரியாக இருக்கும். பதில் மட்டும் வராது.

ஒருநாள் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

“அந்தப் படத்துல, மொதப் புருஷன் வந்திருக்கான்னு அவளுக்கு யார் சொன்னது?”

“அந்த டாக்டரும்மா. ரெண்டாவது புருஷன்.”

“அவனே போய்ச் சொன்னானா?”

“ஆமாம்மா.”

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள், ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள்.

நான் ஒருமுறை அத்தாவுக்காகப் பேசப் பார்த்தேன். பழைய கதை, அவருக்கு வயதாகிவிட்டது, இப்ராஹிம் பினாங்குக்குப் போகிறேன் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், இப்போது இருக்கிறாரோ இல்லையோ தெரியாது என்றெல்லாம் சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் செத்துட்டேன்னு சொன்னேன். அது என் வாய். என் பாவம். அதுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். வரமாட்டேன்னு நான் சொல்லல. என் வாய்ல வராத பேச்ச எடுத்துக்கினு போய் ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கார் உங்க அத்தா. அந்த மனுஷன் அத நான் சொன்னதா நெனச்சுக்கினே போயிருக்கார்.”

அதற்குப் பிறகு அத்தாவுக்காக நான் பேசப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, பள்ளிவாசல் இமாமை வீட்டுக்கு வரச்சொல்லி அம்மாவே ஆள் அனுப்பினாள்.

சம்மதமா?

இமாம் வயதில் அம்மாவைவிடச் சின்னவர். ஹஜ்ரத் என்றுதான் ஊரில் கூப்பிடுவோம். அம்மா திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தா எதையும் மறுக்கவில்லை. ஹஜ்ரத் தாளைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மவுத்தாயிட்டார்னு நம்பித்தான் அன்னிக்கு நிக்காஹ் நடந்திருக்குது. அதுல உங்க மேல குத்தம் இல்லம்மா,” என்றார். “இருந்தாலும் இவ்ளோ வருஷம் உங்க மனசு உறுத்தியிருக்குது. புதுசா ஒரு தரம் ஓதிக்கிட்டா நிம்மதி. அதுக்கு மொதல்ல உங்க சம்மதம் வேணும்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை, வாங்க,” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை, சாயங்காலத் தொழுகை முடிந்து வந்தார்கள். ஹஜ்ரத்தும், தெருவில் இரண்டு பெரியவர்களும். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாமான் வாங்க வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். அத்தா வெள்ளைச் சட்டை போட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. நான் உள்ளறையில் அம்மாவோடு இருந்தேன். அவள் எப்போதும் கட்டுகிற கைத்தறிச் சேலைதான் கட்டியிருந்தாள்.

பெரியவர்களில் ஒருவர் அறை வாசலில் வந்து நின்று, முறைப்படி கேட்டார். இன்னாருடைய மகன் சமதுவை நிக்காஹ் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?

அம்மா வாய் திறக்கவில்லை.

இரண்டாம் முறை கேட்டார். அமைதி. மூன்றாம் முறை கேட்கும்போது அவர் குரலே கம்மியது.

“அவர வந்து கேக்கச் சொல்லுங்க,” என்றாள் அம்மா.

வெளியே முணுமுணுப்பு. ஹஜ்ரத், “கேக்கட்டும், கேக்கட்டும்,” என்றார். அத்தா எழுந்து வந்தார். முழங்கால் வலியால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் மாப்பிள்ளையாக நின்ற அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

“ஜைனம்பு,” என்றார். “இன்னா சொல்ற?”

“அன்னிக்கு என்ன ஏன் கேக்கல? இவங்க முன்னால சொல்லுங்க.”

அத்தா தரையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“கேட்டா நீ போயிடுவன்னு பயந்தேன்.”

அம்மா கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. ஒரு பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்ளப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“கேட்டிருந்தா போயிருப்பேங்க,” என்றாள்.

அத்தாவின் கை நிலையில் நழுவி மறுபடி பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கூடத்தில் இருந்த ஹஜ்ரத்துக்குக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னாள்:

“சம்மதம். எழுதிக்கோங்க.”

ஹஜ்ரத் ஓதினார். எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். அன்று ராத்திரியே அம்மா பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு என் அறையிலிருந்து போனாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒன்பது வருஷம் சேர்ந்து இருந்தார்கள். முன்னைவிட ஜாஸ்தியாகப் பேசிக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லுவேன்.

கேட்டிருந்தால் போயிருப்பேன் என்றாளே, அந்த மூன்று நாட்களில் நான் அந்த வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாளா, விட்டுவிட்டுப் போயிருப்பாளா?

அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனையோ நாள் அந்தக் கேள்வி வாய்வரை வந்தது. அம்மா இனிமேல் பொய் சொல்லமாட்டாள் என்று தெரிந்துபோனதால், கேட்கவே இல்லை.